சோதனையைச் சோதிக்கும் கணிதம்



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் நாள்தோறும் மெய்ப்பிக்கப்படும் உண்மை. பானையைத் திறந்து, அகப்பையால் அள்ளி, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்க்கும் தாய் பானை முழுவதையும் அறிந்துவிடுகிறாள். எங்ஙனம் அறிகிறாள்? எல்லாப் பருக்கைகளும் ஒரே அரிசி. ஒரே நீரிற் கொதித்தவை. ஒரே நேரம் தீயைக் கண்டவை. ஆதலின் ஒன்றின் நிலை மற்றவற்றின் நிலைக்குச் சான்றாகிறது. பருக்கைகள் ஒன்றையொன்று ஒத்தவை என்னும் நிபந்தனை இப்பழமொழிக்குள்ளே மறைந்து நிற்கிறது. அந்நிபந்தனை பொய்க்குமிடத்துப் பழமொழியும் பொய்க்கும்.

இன்று வங்கியில் நம் பணத்தையும், மருத்துவமனையில் மருந்தின் அளவையும், வானத்தில் விமானத்தின் போக்கையும் கணித்துக்கொண்டிருப்பன கணினிகள். அவற்றை நடத்துவன மென்பொருள் எனப்படும் கட்டளைத் தொகுதிகள். அவற்றை ஆக்கியோர், "நன்கு சோதித்துவிட்டோம்" என்று கூறியே நம் கையில் ஒப்படைக்கின்றனர். சோதித்தார்கள் என்பதில் ஐயமில்லை. அச்சோதனையைக் கொண்டு நாம் எவ்வளவு நம்பலாம் என்பதே வினா. இவ்வினாவுக்கு எண்ணால் விடை காண முயலும் ஒரு கணிதத் துறை உண்டு. அதனைப்பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். யான் கலைப் பட்டதாரி, கணித ஆசிரியனல்லன். எனினும் நெடுங்காலமாக வினாத்தாள் ஆக்கியும் விடைத்தாள் திருத்தியும் வருபவனாதலின், சோதனை என்னும் பொருளில் எனக்கும் ஓரளவு பாத்தியதை உண்டு.

மென்பொருள் பானைச் சோறன்று. ஒரு பாலத்தின்மீது 10 தொன் பாரத்தை ஏற்றிப் பார்க்கிறோம், தாங்குகிறது. 9 தொன்னையும் அது தாங்கும் என்று துணிந்து கூறலாம். இரும்பும் கல்லும் அத்தகைய ஒழுங்குடையவை. ஆயின் 8 என்ற எண்ணுக்கும் 10 என்ற எண்ணுக்கும் சரியான விடை தந்த செய்நிரல், 9 என்ற எண்ணுக்குப் பிழையான விடை தரக்கூடும். 9 வரும்போது மாத்திரம் வேறு வழியிற் செல்லுமாறு எங்கோ ஒரு கட்டளை எழுதப்பட்டிருக்கலாம். அப்படியானால் எல்லா எண்களையும் கொடுத்துப் பார்த்துவிடலாமே என்பீர்கள். பத்து இலக்க எண்கள் இரண்டைப் பெற்றுக் கூட்டித் தருகின்ற எளிய செய்நிரலை எடுத்துக்கொள்வோம். ஒரு விநாடிக்கு 100 கோடிச் சோதனை என்ற வேகத்தில் இரவு பகலாக ஓட்டினாலும், எல்லாச் சோடி எண்களையும் பார்த்து முடிக்க 3,000 ஆண்டுகளுக்கு மேலாகும். கூட்டலுக்கே இந்தக் கதி. ஆகவே சோதிப்போர் சிலவற்றைத் தெரிந்தெடுத்தே பார்க்கின்றனர். பாராதவற்றைப் பார்த்தவற்றிலிருந்து ஊகிக்கின்றனர். எந்தச் சோதனையும் குறையுடைய சோதனையே. அக்குறையின் அளவு என்ன என்பதைத்தான் கணிதம் ஆராய்கிறது.

நிகழ்தகவு கூறும் முதற் செய்தியே நம்மைச் சற்றுத் திடுக்கிட வைக்கும். 1,000 முறைக்கு ஒரு முறை, எப்போது என்று சொல்லமுடியாதவாறு, பிழைவிடும் செய்நிரல் ஒன்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். அதனை 1,000 முறை ஓட்டிப் பார்த்தால் வழு வெளிப்பட்டேவிடும் என்று நினைக்கத் தோன்றும். கணக்கிட்டால் அவ்வாறன்று. 1,000 முறையும் ஒரு பிழையுமின்றி ஓடி நம்மை ஏமாற்றிவிடும் வாய்ப்பு 100க்கு ஏறத்தாழ 37. அவ்வாய்ப்பை 100க்கு 5 ஆகக் குறைக்க வேண்டுமெனின் 3,000 முறை பிழையின்றி ஓடவேண்டும். இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. ஒரு பிழையும் தோன்றாத சோதனைகளின் தொகையால் 3 என்னும் எண்ணைப் பிரித்தால் வருவதே, 100க்கு 95 உறுதியுடன் நாம் கூறக்கூடிய பிழை வீதத்தின் மேல் எல்லை. புள்ளிவிவர அறிஞர் இதனை மூன்றின் விதி என்பர்.

இவ்விதியை விமானத்துக்குப் பொருத்திப் பாருங்கள். உயிருக்கு உலைவைக்கக்கூடிய பிழை, பறக்கும் 100 கோடி மணித்தியாலத்துக்கு ஒன்றுக்கு மேற்படலாகாது என்பது பயணிகள் விமானங்களுக்கு வைக்கப்படும் அளவுகோல். அதனைச் சோதனையால் மாத்திரம் நிலைநாட்ட வேண்டுமெனின் 100 கோடி மணித்தியாலத்துக்கு மேற்பட்ட சோதனை வேண்டும். 100 கோடி மணித்தியாலம் என்பது ஏறத்தாழ 1,14,000 ஆண்டு. அமெரிக்காவில் நாசா நிறுவனத்தின் லாங்லி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பட்லர், பினெல்லி என்னும் இருவர் 1993 இல் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக எடுத்துரைத்தது. இத்தகைய உயர்ந்த நம்பகத்தைச் சோதனையால் அளந்து காட்ட இயலாது என்பது அவர்கள் முடிபு. அவர்கள் எழுதியது விமானத்தில் ஏறவேண்டாம் என்பதற்கன்று. அந்நம்பிக்கைக்கு ஆதாரம் சோதனை எண்ணிக்கை மாத்திரமன்று, ஆக்கத்தில் எடுக்கப்படும் கவனமும் பிற காப்புகளுமே என்பதை மறவாதிருத்தற்கு.

எண்ணிக்கை ஒருபுறமிருக்க, சோதனையின் வகையும் கவனிக்கத் தக்கது. மாணவரின் தவணைப் புள்ளிகளைத் தொகுக்கும் செய்நிரல் ஒன்றைக் காட்டுதற்கு ஓர் இளைஞர் எம்மிடம் வந்திருந்தார். கணினியே தாறுமாறாக ஆக்கிய ஆயிரக்கணக்கான புள்ளிப் பட்டியல்களால் அதனைச் சோதித்திருப்பதாகக் கூறினார். பரீட்சைக்கு வராத பிள்ளையை இது என்ன செய்யும் என்று கேட்டேன். இட்டுப் பார்த்தோம். வராத பிள்ளைக்குப் பூச்சியம் போட்டு, வகுப்பின் சராசரியையும் அது கீழே இழுத்துவிட்டது. அவர் ஆக்கிய ஆயிரக்கணக்கான பட்டியல்களில் வெறுங்கட்டம் ஒன்றுகூட இருக்கவில்லை. எந்த வகுப்பாசிரியருக்கும் முதலில் வரும் தொல்லை அதுதான். அது பட்டியலாக்கிய கணினிக்கு எங்ஙனம் தெரியும்?

இதே செய்தி உலகறியப் பேசப்பட்டது 1994 இல். இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் என்னும் கணிப்பொறிச் சில்லு அக்காலத்தில் புதியது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராயிருந்த தோமஸ் நைஸ்லி என்பவர், இரட்டை முதன்மை எண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 11, 13 போன்றும் 17, 19 போன்றும் இரண்டு இடைவெளியில் நிற்கும் முதன்மை எண்களே அவை. அவற்றால் 1ஐப் பிரித்துக் கூட்டிக்கொண்டு செல்கையில் விடை ஒத்துவரவில்லை. தம் செய்நிரலையும் பொறியின் மற்றப் பகுதிகளையும் ஒவ்வொன்றாக விலக்கி விலக்கிப் பார்த்து, குற்றம் அச்சில்லிலேயே உள்ளதென்று கண்டு, அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் அதனை வெளிப்படுத்தினார். பிரித்தற் கணக்குக்காகச் சில்லினுள்ளே பதிந்திருக்கவேண்டிய வாய்பாட்டில் 1,066 இடங்களுள் 5 இடங்கள் வெறுமையாய் விடப்பட்டிருந்தன. தாறுமாறாக எடுத்த எண்களைப் பிரித்தால் ஏறத்தாழ 900 கோடிப் பிரித்தலுக்கு ஒன்றே பிழைக்கும்.

இங்குதான் கணித மாதிரியின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரிகின்றன. சாதாரணமாகக் கணக்குப் பார்க்கும் ஒருவர் இப்பிழையைச் சந்திக்க 27,000 ஆண்டு ஆகும் என்றது இன்டெல். 24 நாளுக்கு ஒருமுறை சந்திக்கலாம் என்றது ஐ.பி.எம். நிறுவனம். வழு ஒன்றே; சில்லும் ஒன்றே. பெருக்கலிலும் பிரித்தலிலும் எவரும் தவறவில்லை. ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை, எத்தகைய எண்களைப் பிரிப்பார் என்னும் ஊகத்திலேதான் வேறுபாடு. ஐ.பி.எம்.முக்கும் அக்காலத்தில் வேறொரு சில்லை வளர்ப்பதில் ஈடுபாடு இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். ஈற்றில் கேட்டவர்க்கெல்லாம் சில்லை மாற்றிக் கொடுக்க இன்டெல் இணங்கியது. அதற்கென 47 கோடியே 50 இலட்சம் டொலரைச் செலவில் எழுதியது. நம்பகம் என்னும் எண், பொருளுக்கு மாத்திரம் உரியதன்று. பொருளும் அதைப் பயன்படுத்துவோரும் கூடியவிடத்துப் பிறப்பது அது. யாருடைய பயன்பாட்டை நினைத்துக் கணித்தீர்கள் என்று கேளாமல், அவ்வெண்ணைக் கையில் வாங்குதல் தகாது.

இனி, ஒரு சோதனை போதாதென்றால் பல சோதனைகளை அடுக்கலாமன்றோ? அடுக்கலாம். 100 செய்நிரல்கள் இருக்கின்றன. அவற்றுள் 50 நல்லவை, 50 வழுவுள்ளவை என்க. வழுவுள்ளவற்றுள் 100க்கு 80ஐப் பிடிக்கும் சோதனை ஒன்று நம்மிடம் உண்டு. அதில் தேறி வருவன நல்லவை 50உம், தப்பிவந்த 10உம். ஆகவே தேறியவற்றுள் ஆறில் ஒன்று இன்னும் வழுவுள்ளதே. அதே திறமையுள்ள வேறொரு சோதனையை வைத்தால், அந்தப் பத்தில் எட்டுப் பிடிபட்டு இரண்டே எஞ்சும், 26க்கு ஒன்று. இவ்வாறு ஒவ்வொரு சான்றும் நம் நம்பிக்கையை எவ்வளவு மாற்றவேண்டும் எனக் கணிக்கும் முறைக்கு வழிகாட்டியவர் தோமஸ் பேய்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். அவர் கட்டுரை அவர் மறைவின் பின் 1763 இல் வெளியாயிற்று.

கணக்கு அழகானது. ஆயின் "வேறொரு சோதனை" என்ற சொல்லின் மீது அது முழுப்பாரத்தையும் ஏற்றிவிடுகிறது. அதே சோதனையை இரண்டாம் முறை வைத்தால், தப்பிய பத்தும் மீண்டும் தப்பும். பெயர் மாற்றி, ஆள் மாற்றி, அதே மாதிரியாகச் சிந்திக்கும் இன்னொருவர் வைத்தாலோ? 1986 இல் நைற், லெவ்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இதனைப் பரிசோதித்தனர். வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்திலும் ஒரே பணிக்கு 27 செய்நிரல்களைத் தனித்தனியே எழுதுவித்து, ஒவ்வொன்றையும் 10 இலட்சம் முறை சோதித்தனர். தனித்தனியே பார்த்தால் அவை மிகத் திறமையானவை. எனினும் ஒன்று தவறுமிடத்தில் மற்றொன்றும் தவறுவது, தற்செயலாக நிகழக்கூடியதிலும் மிகுதியாகக் காணப்பட்டது.

ஆசிரியர்களுக்கு இது வியப்பன்று. மண்டபத்தின் இரு மூலைகளில் இருந்த பிள்ளைகள், ஒருவரையொருவர் பாராமலே ஒரே பிழையை எழுதுவர். வினாவின் கடினமான இடம் எல்லோர்க்கும் கடினமே. சில வேளைகளில் அப்பிழையை வகுப்பிற் கற்பித்தவரே ஆசிரியராக இருப்பதும் உண்டு.

1996 ஜூன் 4ஆந் திகதி பிரெஞ்சு கயானாவின் கூரு என்னும் தளத்திலிருந்து ஏரியான் 5 என்ற ஐரோப்பிய உந்துகணை முதன்முறையாக ஏவப்பட்டது. 40 விநாடியளவில் அது திசைமாறிச் சிதறியது. திசையறியும் கருவி பழுதானால் உதவுதற்கு இரண்டாவது கருவியும் அதில் இருந்தது. ஆயின் இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள். ஓர் எண் தனக்கு ஒதுக்கிய இடத்துக்குக் கொள்ளாத அளவு பெருத்தபோது, முதலில் துணைக் கருவியும், கண்ணிமைப்பதற்குள் முதன்மைக் கருவியும் ஒரே காரணத்தால் நின்றுவிட்டன. அம்மென்பொருட் பகுதி ஏரியான் 4 என்னும் முந்திய உந்துகணையில் குறையின்றி உழைத்தது. புதிய உந்துகணையின் வேகமான பாதையை இட்டு அதனைச் சோதிக்கவில்லை. பழைய பானையின் பருக்கையை எடுத்துப் புதிய பானைக்குப் பதம் பார்த்தனர்.

இதுவரை கூறியன தற்செயலாக நேரும் பிழைகள். பாதுகாப்பு என்று வரும்போது கணக்கே தலைகீழாகிறது. மழை தற்செயலாகப் பெய்யும். கள்வன் தற்செயலாக வருவதில்லை. 1,000 ஓடுள்ள கூரையில் ஓர் ஓடு உடைந்திருந்தால், மழைத்துளியுள் ஆயிரத்தில் ஒன்றே உள்ளே விழும். உடைந்த ஓட்டைக் கண்டுகொண்ட கள்வனோ ஒவ்வொரு முறையும் அதன் வழியே இறங்குவான்.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் வழுவே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இணையத்திற் செல்லும் செய்திகளை மறைமொழியாக்கிக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில், 2012 மார்ச்சு முதல் அது இருந்துவந்தது. இரண்டு கணினிகள் தொடர்பில் இருக்கின்றனவா என்று அறிய, ஒன்று மற்றதற்குச் சிறு செய்தியொன்றை அனுப்பி, "இதில் இத்தனை எழுத்துண்டு, திருப்பியனுப்பு" என்று கேட்கும். நேர்மையான கணினி மூன்றெழுத்தை அனுப்பி மூன்று என்றே சொல்லும். தீயவன் மூன்றெழுத்தை அனுப்பிவிட்டு 64,000 என்று சொல்வான். பெற்ற கணினி எண்ணிப் பாராமல், அம்மூன்றெழுத்தோடு தன் நினைவில் அடுத்திருந்த இரகசியங்களையும் சேர்த்து அனுப்பிவிடும். இரண்டு ஆண்டுகள் உலகமெங்கும் அம்மென்பொருள் இடையறாது உழைத்தது. நேர்மையாக அதைப் பயன்படுத்தியவர் எத்தனை கோடி முறை பயன்படுத்தினும் வழு தோன்றாது. ஏனெனில் நேர்மையானவர் எவரும் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. மூன்றின் விதிப்படி அது குற்றமற்ற பொருள். வழு வெளியான சில நாட்களுள், கனடா நாட்டு வருமான வரித் திணைக்களத்திலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் களவாடப்பட்டன.

காப்பவனுக்கும் கள்வனுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்து அறிஞர் ரொஸ் அண்டர்சன் 2001 இல் எடுத்துக்காட்டினார். அவர் கருத்தை என் எண்களாற் கூறுகிறேன். ஒரு மென்பொருளில் 1,000 ஓட்டைகள் உள்ளன. காப்போர் பெருமுயற்சி செய்து 900ஐ அடைத்துவிட்டனர். அவர்கள் எவற்றை அடைக்கிறார்கள் என்பதை அறியாமல் தனித்து உழைக்கும் கள்வன் ஒருவன், தன் பங்குக்கு ஒரே ஓட்டையைக் கண்டுபிடிக்கிறான். அது அடைபடாத ஓட்டையாயிருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. பத்துக் கள்வர் இருந்தால், ஒருவன் உள்ளே வந்துவிடுவான் என்று எதிர்பார்க்கலாம். 900 கண்ட உழைப்பும் 1 கண்ட உழைப்பும் இங்கே எதிரெதிர் நிற்கின்றன.

கள்வனைப்போல நாமே பொய்யான உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்த்தாலென்ன? அதுவும் ஒரு மழையிற் பிறந்த யோசனை. 1988 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், இடியும் மழையுமான ஓரிரவில் தொலைபேசிக் கம்பிவழியே கணினியோடு தொடர்புகொண்டிருந்தார். கம்பியில் ஏற்பட்ட இரைச்சல் வேண்டாத எழுத்துக்களைப் புகுத்தவே, செய்நிரல்கள் விழுந்து விழுந்து நின்றன. பின்னர் அவரும் மாணவரும் வேண்டுமென்றே குப்பை எழுத்துக்களை ஊட்டிப் பார்த்தபோது, யூனிக்ஸ் முறையின் அன்றாடச் செய்நிரல்களுள் நாலில் ஒன்றுக்கு மேற்பட்டவை நிலைகுலைந்தன. 1990 இல் வெளியான அவ்வாராய்ச்சியின் வழிவந்த சோதனை முறை இன்று பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது.

சோதனையின் குறை பிழையைத் தவறவிடுவது மாத்திரமன்று. இல்லாத பிழையைக் காட்டுவதும் குறையே. 1,000 கோவைகளில் 10 தீயவை. பத்துத் தீயவற்றில் ஒன்பதைப் பிடித்து, நல்லவற்றில் நூற்றுக்கு ஐந்தை மாத்திரம் தவறாகச் சந்தேகிக்கும் காவற் செய்நிரல் ஒன்று. கேட்டமாத்திரத்தில் திறமையானதாகவே தோன்றும். அது எழுப்பும் எச்சரிக்கைகளோ ஏறத்தாழ 59. அவற்றுள் மெய்யானவை 9. மிகுதி 50உம் "புலி வருகிறது" என்ற இடைச்சிறுவன் கூக்குரலே. சில நாளில் அலுவலர் எச்சரிக்கையைப் பாராமலே அணைத்துவிடுவர். அவர்கள்மேற் பழிபோடுவது எளிது. தீயவை அரிதாயிருக்குமிடத்து நல்ல காவலும் இவ்வாறே ஊளையிடும் என்பது கணக்கு.

எஞ்சியிருக்கும் வழுக்களை மதிப்பிட வழியுண்டா? குளத்து மீனை எண்ணும் முறை இங்கு உதவுகிறது. சில மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு, மறுபடி வலைவீசி, அகப்பட்டவற்றுள் அடையாளமுள்ளவை எத்தனை என்று பார்ப்பர். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹார்லன் மில்ஸ் 1970களின் தொடக்கத்தில், செய்நிரலுக்குள் தெரிந்த வழுக்களைத் தாமே தூவி, சோதிப்போர் அவற்றுள் எத்தனையைப் பிடிக்கின்றனர் என்று பார்க்கும் முறையை முன்வைத்தார். தூவாமலும் செய்யலாம். இருவர் தனித்தனியே திருத்துகின்றனர். ஒருவர் 40 வழுக்களும், மற்றவர் 30உம் காண, இருவர்க்கும் பொதுவானவை 20 என்க. 40ஐ 30ஆற் பெருக்கி 20ஆற் பிரித்தால் 60. கண்டவை மொத்தம் 50. ஆகவே இன்னும் 10 இருக்கலாம்.

வினாத்தாள்களை இருவரிடம் தனித்தனியே ஒப்புநோக்கக் கொடுக்கும் எவரும் இதை நாளையே செய்து பார்க்கலாம். ஒரே எச்சரிக்கை: எளிதிற் கண்ணிற் படும் பிழைகளை இருவரும் காண்பர், ஒளிந்திருப்பவற்றை இருவரும் விடுவர். ஆதலின் இக்கணக்கு எஞ்சியவற்றைப் பெரும்பாலும் குறைத்தே கூறும். பத்து என்று வந்தால், பத்துக்குக் குறையாது என்று கொள்வதே முறை.

சோதனையை விட்டு, கேத்திரகணிதத் தேற்றத்தைப்போல மென்பொருளை நிறுவிவிடும் முயற்சியும் நடைபெறுகிறது. 2009 இல் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர், ஏறத்தாழ 8,700 வரிகள் கொண்ட கணினிக் கருநிரல் ஒன்று தன் இலக்கணப்படியே நடக்கும் என்று நிறுவினர். நிறுவல் மாத்திரம் ஏறத்தாழ 2,00,000 வரிகள். அதற்கும் எடுகோள்கள் உண்டு: இலக்கணம் நாம் விரும்பியதையே கூறுகிறது என்பது ஒன்று, அடியிலுள்ள சில்லு சரியாகக் கணிக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது எடுகோளின் அருமை நம் நாட்டு மாணவர்க்குத் தெரியும். 2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களின்படி தோற்றியோரின் இசட் புள்ளிகளை ஒருங்கே கணித்தமையை 2012 இல் உயர் நீதிமன்றம் இரத்துச்செய்து, தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. அங்கே வாதத்துக்குள்ளானது கூட்டல் கழித்தலன்று, எதைக் கணிக்கவேண்டும் என்பது. இரண்டாவது எடுகோளைப்பற்றி லிஞ்ச்பர்க் கல்லூரிப் பேராசிரியரின் அனுபவத்தை முன்னரே கூறிவிட்டேன்.